ஆறு பத்து பஸ்

பஸ் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வரும். கீழே ரிங்லெட் பக்கத்து வளைவுகளில் கியர் மாற்றும்போது எழும் உறுமல், மூடுபனிக்குள் ஏறி எங்கள் முச்சந்திக்கு வந்துசேர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் நாங்கள் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டி, வாயில் ஆளுக்கொரு அசாம் போய் போட்டுக்கொள்வோம். இல்லாவிட்டால் அடுத்த பத்து வளைவுக்குள் வாந்தி வந்துவிடும். காலை ஆறு பத்துக்கு வரவேண்டிய பஸ். ஆறரைக்கு வந்த நாளிலும் எங்கள் தோட்டத்தில் அதன் பெயர் ஆறு பத்து பஸ்தான்.

தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். கேமரன் மலையில் எந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயரைப் போட்டாலும் கதை பெரிதாக மாறிவிடாது. லயத்திலிருந்து முச்சந்திக்கு இரண்டரைக் கிலோமீட்டர், தேயிலைக்கு நடுவே வளைந்து இறங்கும் தோட்டச் சாலை. அந்நேரத்துக்கு விடிந்திருக்காது என்பதால் ஆளுக்கொரு டார்ச்லைட். இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்கள் நாங்கள் ஒன்பது பேர்.

பஸ் ஓட்டிய மலாய்க்காரரை ‘பாக் சிக்’ என்றுதான் கூப்பிடுவோம். பெயர் கேட்டுக்கொண்டதில்லை. முச்சந்தியில் வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்ப்பார். இருட்டில் இறங்கி வரும் வெளிச்சங்களை எண்ணுவார். “துஜோ,” என்பார். ஏழு. “லாகி டுவா?” இன்னும் ரெண்டு பேரா? முன்னால் வந்தவர்கள் தலையாட்டுவோம். என்ஜினை அணைக்காமல் அந்த இரண்டு வெளிச்சத்துக்காக நிற்பார். 2007 முதல் 2011 வரை, ஐந்து வருடம் நான் பள்ளிக்குப் போனது அப்படித்தான்.

அப்போது எனக்குத் தோன்றாத ஒரு கேள்வி இப்போது தோன்றுகிறது. ஒன்பது பேரின் மாணவர் கட்டணம் அந்த மேட்டில் எரியும் டீசலுக்குக்கூடக் கட்டாதே. பிறகு யார் காசில் அந்த பஸ் நின்றது?

*

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ஹபுவில் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை சில வருடங்களில் வந்தது. அந்தச் சாலை மேலே கொண்டுவந்தது எங்கள் பாட்டன் பாட்டிகளை, கீழே கொண்டுபோனது தேயிலையை. வந்தவர்கள் திரும்பிப் போய்வர என்று யாரும் தனியாக எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. அம்மா 1958-இல் பிறந்தவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டவுனுக்குப் போவது என்றால் சம்பள நாள் லோரிதான். மற்ற நாளில் போகவேண்டுமானால் மண்டோரிடம் சொல்லி, மண்டோர் கிராணியாரிடம் சொல்லி, கிராணியார் மனசு வைக்கவேண்டும். காய்ச்சல் என்றால் முதலில் தோட்டத்து டிரசர் பார்க்கவேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால் வண்டி வரும்.

“பஸ்ல ஏறுறதுக்கு யாருகிட்டயும் சொல்லிக்க வேண்டியதில்லலா,” என்பார் அம்மா. பஸ்ஸைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறக்காமல் நிற்பது இந்த ஒரு வரிதான். வேகம், வசதி எதையும் அவர் சொல்லவில்லை. காசைக் கொடுத்தால் ஏற்றிக்கொள்வார்கள், ஏன் போகிறாய் என்று கேட்கமாட்டார்கள். ஒரு தடவை ஒரு காரணமும் இல்லாமல் பிரிஞ்சாங் வரை போய், ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்ததாகச் சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர், காசு கொடுத்து யாரோ போட்ட தேத்தண்ணியைக் குடிக்க எட்டு மைல் போயிருக்கிறார்.

அது அரசாங்க பஸ் இல்லை. மலேசியாவில் இந்த வகைக்கு ‘பாஸ் பெர்ஹெந்தி-ஹெந்தி’ என்று பெயர். நின்று நின்று போகும் பஸ். ஓட்டுவது தனியார் கம்பெனி, பெர்மிட் கொடுப்பது அரசு, கட்டணத்தை நிர்ணயிப்பதும் அரசு. எங்கள் மலையில் லாபம் தரும் ஓட்டங்கள் சில இருந்தன. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும் நடுவே, கியா ஃபார்ம் சந்தை வரைக்கும், பகல் நேரத்தில் ஆள் நிற்க இடமிருக்காது. தாப்பாவிலிருந்து ஏறிவரும் பஸ்ஸில் வெள்ளைக்காரப் பயணிகள் மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காசு எங்கள் விடிகாலை ஓட்டத்தைச் சுமந்தது. ஒரு ஓட்டத்தின் லாபத்தில் இன்னொரு ஓட்டத்தின் நஷ்டத்தை ஈடுகட்டுவதைக் குறுக்கு மானியம் என்பார்கள். பாக் சிக் இரண்டு டார்ச்லைட்டுக்காகக் காத்திருந்த நேரத்துக்கான பணத்தை, யாரென்றே தெரியாத ஒரு சுற்றுலாப்பயணி கொடுத்திருந்தார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. எங்களை ஏற்றவேண்டும் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. லாபம் வற்றினால் முதலில் வெட்டுப்படுவது எங்கள் ஓட்டம்தான். வற்றவும் செய்தது. லயத்து இளைஞர்கள் மோட்டார் வாங்கினார்கள், பிறகு தவணையில் கார். சிம்பாங் பூலாய் பக்கமிருந்து கம்போங் ராஜாவுக்குப் புதுச் சாலை வந்தபின் ஈப்போவிலிருந்து கார்கள் கூட்டமாக ஏறின. பள்ளி விடுமுறையில் கியா ஃபார்ம் நெரிசலில் மாட்டிய பஸ் ஒரு மணிநேரம் நகராது. நேரத்துக்கு வராத பஸ்ஸை ஆட்கள் விட்டார்கள், ஆள் குறைந்ததால் ஓட்டம் குறைந்தது, ஓட்டம் குறைந்ததால் இன்னும் ஆள் குறைந்தது. மிஞ்சியவர்கள் பள்ளிப் பிள்ளைகள், கிழவிகள், வெளிநாட்டுத் தொழிலாளிகள். ஆறு பத்து பஸ் எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான்: “இப்பல்லாம் வர்றதில்லப்பா.”

*

2014-இல், பல்கலைக்கழக விடுமுறையில், எனக்கு ஆள் எண்ணும் வேலை கிடைத்தது. ஏதோ ஒரு ஆலோசனைக் கம்பெனி, கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓரத்தில் பஸ் பயணிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. நாளுக்கு அறுபது வெள்ளி, மதியச் சாப்பாடு நம் பொறுப்பு. பஸ் நிறுத்தத்தில் உட்காரவேண்டும். பஸ் வந்தால் நேரம், எண், ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம்.

மூன்றாம் நாள் எனக்குக் கொடுத்த நிறுத்தத்துக்கு பஸ்ஸே வரவில்லை. கட்டம் கட்டமாகச் சுழியம் போட்டேன். பத்து மணி வாக்கில் ஒரு சீனக் கிழவி, கையில் காய்கறிப் பையோடு, நிறுத்தத்தைக் கடந்து நடந்து போனார். பன்னிரண்டு மணிக்கு அதே கிழவி திரும்பி வந்தார். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார். இங்கே பஸ் வந்து ரொம்ப நாளாச்சு, மெயின் ரோடு வரை நடந்தால்தான் கிடைக்கும் என்றார். நான் மேற்பார்வையாளருக்கு போன் போட்டு, இந்தக் கிழவியை எங்கே எழுதுவது என்று கேட்டேன்.

“பஸ் ஏறுனாங்களா?”

“இல்ல.”

“அப்ப சுழியம்.”

அவர்மேல் கோபமில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஆனால் அந்தத் தாள் மேலே போகும்போது அந்த நிறுத்தத்தில் தேவை இல்லை என்றுதானே யாரோ வாசிப்பார்கள்? பஸ் இல்லாததால் ஆள் ஏறவில்லை என்பது, ஆள் இல்லாததால் பஸ் வேண்டாம் என்று ஆகிவிடும். அன்று சாயங்காலம் எங்கள் முச்சந்தி ஞாபகம் வந்தது. அங்கே யாராவது நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினாலும் நாள் முழுக்கச் சுழியம்தான். அம்மா அவர்கள் பார்வையில் படாமல், யாருடைய காரிலோ போய்க்கொண்டிருப்பார்.

*

அம்மாவுக்கு இனிப்புநீர். வேலையிலிருந்து நின்ற பிறகும், தம்பி தோட்டத்து ஃபேக்டரியில் இருப்பதால் லயத்து வீடு எங்களுக்குத் தொடர்ந்தது. மாதாமாதம் டவுன் கிளினிக்கில் இரத்தம் பார்க்கவேண்டும், மருந்து வாங்கவேண்டும். தம்பிக்குக் காலைப் பெரட்டு. அதனால் ‘சாப்பு’ கார்தான். லைசென்ஸ் இல்லாமல் வாடகைக்கு ஓட்டும் கார். போகவர முப்பது வெள்ளி, நாலு பேர் சேர்ந்தால் பிரித்துக்கொள்ளலாம். சேராத நாளில் அம்மா போகமாட்டார். “அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்பார்.

2017-இல் கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண். முதல் வாரம் கார் சேரவில்லை. இரண்டாம் வாரம், மெயின் ரோட்டில் எப்போதாவது போகும் பஸ் ஒன்று இருப்பதாக யாரோ சொல்லி, முச்சந்திக்கு நடந்து போய் இரண்டு மணிநேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். அந்தப் புண்ணோடு, போகவர ஐந்து கிலோமீட்டர். எங்களிடம் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் தம்பி பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. விரலை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றியதே பெரிது என்று டாக்டர் சொன்னார்.

பஸ் இல்லாததால்தான் விரல் போனது என்று எழுதினால் அது பொய். அம்மாவின் கஞ்சத்தனம், என் அலட்சியம், தம்பியின் வேலை நேரம், எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. நான் மாதம் முந்நூறு வெள்ளி அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். முப்பது வெள்ளி இல்லாமல் அவர் நிற்கவில்லை. தனக்கென்று ஒருவரைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொல்ல அவருக்குக் கூச்சம். பழையபடி யாரோ மனசு வைக்கவேண்டிய நிலைமைக்கே அவர் திரும்பியிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த குதிரைக் காலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் சில தேதிகளைச் சுற்றி வட்டம், பக்கத்தில் 10, 15, 30 என்று எண்கள். கார் காசு. சில வட்டங்களுக்குப் பக்கத்தில் எண்ணே இல்லை. போகநினைத்துப் போகாத நாட்கள் அவை. ஆள் எண்ணும் படிவத்தில் கட்டமில்லாத ஒன்றை அம்மா காலண்டரில் குறித்து வைத்திருந்தார்.

*

அதற்குப் பிறகுதான் பஸ் விவகாரத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் எனக்கிருந்த எண்ணம், நம்மில் பலருக்கும் இருப்பதுதான்: தனியார் என்பதால் நிறுத்தினான், அரசாங்கம் ஓட்டினால் சரியாகிவிடும், டெண்டர் என்பது லாபக்காரர்களின் வேலை. படிக்கப் படிக்க அது அவ்வளவு நேராக இல்லை.

இங்கிலாந்தில் 1985-இல் ஒரு சட்டம் போட்டு, 1986 அக்டோபர் 26-ஆம் தேதி முதல், லண்டனுக்கு வெளியே யார் வேண்டுமானாலும் எந்த வழியில் வேண்டுமானாலும் பஸ் ஓட்டலாம் என்று திறந்துவிட்டார்கள். லாபமுள்ள வழியில் பஸ்கள் முட்டிக்கொண்டன. யாரும் எடுக்காத வழிகளை மட்டும் உள்ளாட்சிகள் டெண்டர் விட்டு மானியம் கொடுத்து ஓட்டவைக்கலாம். 2010-க்குப் பிறகு உள்ளாட்சிகளின் பணம் குறைந்தபோது முதலில் போனவை அந்த மானிய ஓட்டங்கள்தான். லண்டனை மட்டும் அப்படித் திறந்துவிடவில்லை. அங்கே வழியை, நேரத்தை, கட்டணத்தை எல்லாம் பொது நிறுவனமே தீர்மானித்து, ஓட்டும் வேலையை மட்டும் டெண்டர் விட்டது. இரண்டு இடத்திலும் ஓட்டியது தனியார்தான். எங்கே, எத்தனை மணிக்கு ஓடவேண்டும் என்பதைத் தீர்மானித்தது யார் என்பதில்தான் வித்தியாசம். மான்செஸ்டர் வட்டாரம் 2023-இல் தொடங்கி 2025 ஜனவரிக்குள் லண்டன் முறைக்கு மாறி முடித்தது.

சிங்கப்பூர் 2016-இல் முழுக்க இந்த முறைக்கு வந்தது. பஸ்ஸும் டிப்போவும் அரசுடையது, டிக்கெட் காசு அரசுக்கு. கம்பெனிகள் ஓட்டுவதற்கான தொகையைக் கேட்டுப் போட்டியிடும். அந்தத் தொகை ஓட்டத்துக்கு, ஏறும் தலைக்கு அல்ல. இதன் பொருள் என்ன? ஆறு பத்து பஸ்ஸில் ஒன்பது பேர் ஏறினாலும் ஒருவரும் ஏறாவிட்டாலும் ஓட்டுகிறவருக்கு அதே பணம். வராமல் விட்டால்தான் நஷ்டம். பாக் சிக் நல்லவராக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

நம் நாட்டிலும் இது இருக்கிறது. தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையம், அதாவது ஸ்பாட், 2010 சட்டத்தின்கீழ் வந்தது. 2012-இல் நின்று நின்று போகும் பஸ் கம்பெனிகள் மூடாமலிருக்க ஓர் இடைக்கால உதவி நிதியைத் தொடங்கியது. விழப்போகும் சுவருக்குக் கழி முட்டுக்கொடுப்பது மாதிரி. அதன்பிறகு 2015 வாக்கில் ‘மைபாஸ்’ வந்தது. சிரம்பான், ஈப்போ போன்ற ஊர்களில் அரசே வழித்தடத்தை வகுத்து, கம்பெனிகளை டெண்டரில் தேர்ந்து, ஓட்டும் கிலோமீட்டருக்குப் பணம் கொடுப்பது. 2019-இல் ஸ்பாட் போய் ‘ஆப்பாட்’ என்ற முகமை வந்தபின்பும் திட்டம் தொடர்ந்து, ஜொகூர் பாரு, கோத்தா பாரு என்று விரிந்தது.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் மாநிலத் தலைநகரங்கள். எங்கள் மாநிலத் தலைநகரான குவாந்தானுக்கு 2012-லேயே ரேபிட் குவாந்தான் வந்துவிட்டது. கேமரன் மலையிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எங்களுக்குப் பக்கத்து நகரம் ஈப்போ, ஆனால் அது பேராக். பஸ் கீழே தாப்பாவிலிருந்து, பேராக்கிலிருந்து, ஏறிவந்து பகாங்குக்குள் நுழையும். வரைபடத்தில் நாங்கள் ஒரு மாநிலத்தின் மூலையில், இன்னொரு மாநிலத்தின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறோம்.

டெண்டர் எங்களை ஒதுக்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒதுக்குவதற்கு முதலில் எங்கள் பெயர் அதில் வந்திருக்கவேண்டும்.

*

பணம் இல்லை என்பதும் முழு உண்மையல்ல. பயணத்துக்கு இந்த நாடு தாராளமாகச் செலவழிக்கிறது, பெட்ரோல் வழியாக. 2021-லிருந்து ரோன்95 லிட்டருக்கு 2 வெள்ளி 5 காசில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் ‘பூடி95’ வந்தது. மைகார்டைக் காட்டினால் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா போனில் கேட்டார்: “என் கார்டுலயும் இருக்காமே?” விசாரித்தேன். இல்லை. ஓட்டுநர் உரிமம் உள்ளவர்களுக்குத்தான். பெட்ரோல் போடாதவருக்கு பெட்ரோல் மானியம் எதற்கு என்பது நியாயம்தான். ஆனால் போக்குவரத்துக்காக இந்த அரசு தரும் மிகப் பெரிய உதவி, ஸ்டீயரிங் பிடிக்காத ஒருவரிடம் அந்த சாப்பு கார்க்காரரின் டேங்க் வழியாகத்தான் வந்துசேர முடியும். கோலாலம்பூரில் எனக்கு மாதம் ஐம்பது வெள்ளி பாஸில் ரயிலும் பஸ்ஸும் அளவில்லாமல் உண்டு. அம்மாவுக்கு ஒரு தடவை டவுனுக்குப் போய்வர முப்பது.

மலை என்றால் முடியாது என்பதும் இல்லை. இலங்கையில் 1991-இல் அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு, காசு வராத கிராமத்து வழிகளுக்கு மானியம் கொடுத்து பஸ் ஓட்டவைக்கும் ‘கெமி செரிய’ என்ற திட்டம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘சிசு செரிய’. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. வருமானம் வராத வழி என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தபின் அது ஏன் ஓடவில்லை என்று ஒருவர் போய்க் கேட்கலாம்.

2023-இல் அம்மாவைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப்போனேன். முசிறிப் பக்கம் அவருடைய தாத்தாவின் ஊர். டவுன் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் என்னிடம் காசு வாங்கிக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அம்மா பர்ஸைத் திறந்தார்.

“உங்களுக்குக் காசு வேணாம்மா. டிக்கெட்ட மட்டும் வச்சுக்கங்க.”

“காசு வாங்கலைன்னா எதுக்குய்யா டிக்கெட்டு?”

“கணக்குக்குத்தாம்மா,” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

2021 மே மாதத்திலிருந்து அங்கே சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கழகங்களுக்கு அரசு ஈடுகட்டுகிறது. அதற்குக் கணக்கு வேண்டும், கணக்குக்குச் சீட்டு வேண்டும். அம்மா அந்தச் சுழிய டிக்கெட்டை மடித்து பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு என் சுழியங்கள் ஞாபகம் வந்தன. கிள்ளானில் நான் போட்ட சுழியத்துக்கு ஒரு கிழவி இல்லை என்று பொருள். இந்தச் சுழியத்துக்கு ஒரு கிழவி ஏறினார் என்று பொருள்.

*

ஊருக்குத் திரும்பியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நாங்களே எண்ணினோம். அம்மாவின் காலண்டரில் இருந்துதான் யோசனை. யார், எந்த நாள், எங்கே, எதற்கு, போனாயா, போகாமல் விட்டாயா. கடைசிக் கேள்வியை நான்தான் சேர்த்தேன். தம்பியின் கூட்டாளி ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். நடுவில் பேனாவை நிறுத்தி, “அண்ணே, பங்களாக்காரங்களையும் எழுதணுமா?” என்று கேட்டான். வங்காளதேசத் தொழிலாளிகள். இப்போது கொழுந்து பறிப்பவர்களில் அவர்களும் நேப்பாளிகளும்தான் அதிகம். மண்டபத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு. அவர்கள் பெயர் இருந்தால் மனுவை ஒரு மாதிரி பார்ப்பார்கள், நம் ஆட்களுடைய பிரச்சினை என்றுதான் போகவேண்டும் என்று ஒரு மாமா சொன்னார். சரி என்றுதான் எனக்கும் தோன்றியது. மனு ஜெயிக்கவேண்டுமே.

அம்மா சுவரோரம் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். “அவனும்தானே அங்க நிக்கிறான்,” என்றார். “எழுது.”

எழுதினோம். கீழே ஓராங் அஸ்லி கம்போங்கிலிருந்து முச்சந்திக்கு நடந்துவரும் பிள்ளைகளையும் கேட்டு எழுதினோம். நாலு பக்கம் வந்தது. ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கவுண்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகப் பேசினார். தோட்டச் சாலை தனியார் சாலை, அதில் பஸ்ஸுக்குப் பெர்மிட் தரமுடியாது என்றார். பஸ் மேலே வரவேண்டாம், முச்சந்தியில் நின்றால் போதும் என்றோம். அந்த வழி திட்டத்தில் இல்லை, திட்டத்தில் வந்தால்தான் டெண்டருக்குப் போகும் என்றார். திட்டத்தில் வர என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். “டிமாண்ட் ஸ்டடி” என்றார். அந்த ஸ்டடியில்தான் ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்திருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. மனுவுக்கு முத்திரை குத்தி ஒரு நகலைத் திருப்பிக் கொடுத்தார். அது காலண்டருக்குப் பின்னால் அதே ஆணியில் மாட்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இலவசம் வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம், அரை மணிக்கொரு பஸ்ஸும் வேண்டாம். ஒரு டெண்டர் பத்திரத்தில் ஒரு வரி: காலை ஆறு பத்து, இந்த முச்சந்தி, வாரத்தில் ஆறு நாள், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். யார் குறைந்த விலைக்குக் கேட்கிறாரோ அவர் ஓட்டட்டும். அவர் நல்லவரா கெட்டவரா என்பது எனக்கு வேண்டாம். பாக் சிக்கின் நல்ல மனசில் ஐந்து வருடம் படித்தவன் நான். அந்த நன்றி என்றைக்கும் இருக்கும். ஆனால் அந்த மனசு ஓய்வுபெற்றதும் பஸ்ஸும் போய்விட்டது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவை கிளினிக்குக்கு அழைத்துப்போனேன், என் காரில். முச்சந்தியில் பெரிய லோரி ஒன்று திரும்பிக்கொண்டிருந்ததால் நிற்கவேண்டியிருந்தது. பழைய பஸ் நிறுத்தத்தின் கூரை இன்னும் இருக்கிறது. அதன்கீழே ஒரு பங்களாதேஷ் பையன், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி நின்றிருந்தான். தோட்டத்துக்குப் புதியவன் போல. எங்கள் காரைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் வந்தான்.

“மாச்சி, பாஸ் அடா?” பஸ் இருக்கா?

அம்மா கண்ணாடியை இறக்கினார். “டுலு அடா,” என்றார். முன்னே இருந்துச்சு.

பிறகு என்னைப் பார்க்காமலே பின் கதவைத் திறக்கச் சொன்னார்.